ருசியின் வம்சாவளி: சுட்ட மாட்டுக்கறி, சிவப்பு ஒயின், காணாமல்போன கை

1

எல்லாரும் மாட்டுக்கறி தின்ன ஆரம்பித்துவிட்டால் தீட்டு தானாகவே கழன்று விழுந்துவிடும் என்றொரு நம்பிக்கை நம் வட்டாரங்களில் உண்டு. மாட்டுக்கறி விருந்து, மாட்டுக்கறிக் கவிதை, மாட்டுக்கறிச் சிறப்பிதழ் என்று பல வடிவங்களில் அது வெளிப்பட்டிருக்கிறது. மாட்டுக்கறி வைத்திருந்ததாகச் சொல்லி ஒருவரை அடித்தே கொன்ற நாட்டில் (தாத்ரி, 2015) தின்பதே எதிர்ப்பாகிவிடுகிறது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து கிடையாது. என் கேள்வி வேறு. தடை விலகி, அரசனே தின்று காட்டி, ஒரு சமூகம் முழுக்க மாட்டுக்கறியைக் கொண்டாடத் தொடங்கிய பிறகும் மாட்டை அறுத்த கை மட்டும் தீட்டாகவே நிற்க முடியுமா? முடியும். நின்றிருக்கிறது. ஜப்பானில்.

அங்கே இன்று பணக்கார உணவின் உச்சங்களில் ஒன்று யாகினிக்கு. சொல்லுக்கு நேர்ப்பொருள் சுட்ட இறைச்சி, அவ்வளவுதான். மேசை நடுவில் கரியடுப்பு, மேலே கம்பிவலை, தட்டில் மெல்லிசாக நறுக்கிய மாட்டுக்கறி. அவரவர் சுட்டு அவரவர் தின்ன வேண்டும். இதன் உயர்தரக் கடைகளில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கோப்பை ஒயின் ஜோடி சேர்க்கப்படுகிறது. டோக்கியோவில் கணினி வேலை பார்க்கும் நண்பர் ஒருத்தர் அப்படியொரு கடையின் மெனு கார்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார், வரிக்கு வரி அர்த்தத்தோடு. நாக்குத் துண்டுக்கு உப்பும் எலுமிச்சையும், கூடவே ஷாம்பெய்ன். முதுகுக் கறிக்கு வசாபி, கூடவே புர்குந்தி. கடைசியில் கொழுப்பு மிகுந்த துண்டுக்கு போர்தோ. ஒவ்வொன்றின் கீழும் மாடு வளர்ந்த ஊர், வளர்த்தவர், தர எண், அடையாள எண். அந்தக் கார்டை ஒரு பிரதியாக வைத்து வாசிக்கிறேன். எல்லாப் பிரதிகளையும் போல இதிலும் எழுதப்பட்டதைவிட எழுதாமல் விட்டதுதான் அதிகம் பேசுகிறது.

2

ஜப்பானில் மாட்டுக்கறிக்கு எதிரான முதல் அரசாணை கி.பி. 675இல் வந்தது. தென்மு பேரரசர், ஆண்டின் நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றைத் தின்பதைத் தடைசெய்தார். பௌத்தம் அதற்குக் கருணையின் மொழியைத் தந்தது. உழவுக்கு மாடு வேணும் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. ஆனால் தடை எங்கே உண்டோ அங்கே விதிவிலக்கும் உண்டு. எதோ காலத்தில் காட்டுப்பன்றி ‘மலைத் திமிங்கிலம்’ என்ற பெயரில் விற்றது. திமிங்கிலம் மீன் கணக்கு, ஆகவே பாவமில்லை. மேட்டுக்குடிகள் கறி தின்றால் அதற்கு ‘மருந்து உண்ணல்’ என்று பெயர். ஹிகோனே சிற்றரசிலிருந்து மிசோவில் ஊறிய மாட்டுக்கறி ஷோகனுக்கே காணிக்கையாகப் போனது.

யார் அறுத்தது? அதற்கென்று ஒதுக்கப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். ‘எத்தா’ என்று அழைக்கப்பட்டார்கள். அந்தப் பெயரை எழுதப் பயன்பட்ட எழுத்துகளின் பொருள் ‘மிகுந்த அழுக்கு’. செத்த மாட்டைத் தூக்குவது, தோல் உரிப்பது, பதனிடுவது எல்லாம் அவர்கள் தலையில் சுமத்தப்பட்ட கடமை, அதுவே அவர்களது பிழைப்புரிமையும். ஆக ஷோகன் தின்றால் மருந்து. அதே மாட்டை அறுத்தவனுக்கு அழுக்கு. ஒரே பொருள், ஒரே ரத்தம். தட்டு மாறும்போது அர்த்தமும் மாறுகிறது.

மெய்ஜி நவீனம் இதைத் தலைகீழாக்கியது என்பது அதிகாரபூர்வக் கதையாடல். 1871இல் ‘எத்தா’ போன்ற பெயர்கள் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. 1872 ஜனவரியில் மெய்ஜி பேரரசர் மாட்டுக்கறி உண்டார், செய்தி பத்திரிகையில் வந்தது. மேற்குலகத்தான் உடம்புக்குச் சமமாக ஜப்பானிய உடம்பும் வளர வேணும், கறி தின்னாதவன் பழமைவாதி என்று ஒரு சொல்லாடல் கட்டப்பட்டது. கறி நாகரிகமாயிற்று.

கறி தின்றவன் நாகரிகமானான், கறி வெட்டியவன் ஆகவில்லை. அதே 1871இல் செத்த மாட்டின்மீது அவர்களுக்கிருந்த ஏகபோக உரிமையை அரசு எடுத்துவிட்டது. பிழைப்பு பொதுவாயிற்று, இழிவு மட்டும் அவர்களுக்கே தனிச்சொத்தாக மிஞ்சியது. 1873இல் மிமாசாகா பகுதியில் கட்டாய ராணுவ சேவையை எதிர்த்துக் கிளம்பிய விவசாயக் கலகம், போகிற வழியில் இவர்களது குடியிருப்புகளைக் கொளுத்தி ஆட்களையும் கொன்றது. அரசுக்கு எதிரான கலகமே அடித்தட்டுக்கு எதிரான கலவரமாகத் திரும்புவது நமக்கொன்றும் புதுசில்லை. இவர்களே 1922இல் கியோட்டோவில் கூடி சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ அமைப்பை நிறுவினார்கள். மிருகத்தின் தோலை உரித்ததற்குக் கூலியாகத் தங்கள் தோலே உரிக்கப்பட்டதை அவர்களுடைய பிரகடனம் பேசியது. பிற்பாடு புரக்குமின் என்று அறியப்பட்டவர்கள் இவர்கள்தான்.

3

மாட்டுக்கறி நாகரிகமான பிறகும் எல்லாக் கறியும் நாகரிகமாகவில்லை. தொடையும் முதுகும் மேசைக்கு ஏறின. குடல், ஈரல், இரைப்பை தெருவிலேயே நின்றன. 1910இல் கொரியாவை ஜப்பான் விழுங்கிய பிறகு பிழைக்க வந்தவர்கள், போர்க்காலத்தில் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் பிடித்து வரப்பட்டவர்கள் என்று 1945 வாக்கில் ஜப்பானில் இருபது லட்சம் கொரியர்கள் இருந்தார்கள். போர் முடிந்து பலர் திரும்பினார்கள். மிஞ்சியவர்கள் 1952இல் ஒரே நாளில் ஜப்பானியக் குடியுரிமை இழந்து அந்நியராக்கப்பட்டார்கள். ஒசாகாவின் த்சுருஹாஷி மாதிரியான கள்ளச்சந்தைகளில், மற்றவர் விரும்பாத குடலையும் இரைப்பையையும் பூண்டு, மிளகாய், எள்ளெண்ணெய் சேர்த்த சாந்தில் புரட்டிச் சுட்டு விற்றார்கள். ஹொருமோன் என்று அதற்குப் பெயர். ஒசாகா வட்டார வழக்கில் ‘தூக்கிப்போடுகிற சாமான்’ என்பதிலிருந்து வந்த சொல் என்பார்கள். ஹார்மோன் என்ற சொல்தான் அது என்பவர்களும் உண்டு. எது சரியான வேர்ச்சொல் என்பதைவிட, தூக்கிப்போட்டதை எடுத்துத் தின்றவர்கள் தங்கள் உணவுக்கு அந்த விளக்கத்தையே பிடித்துக்கொண்டார்கள் என்பது முக்கியம்.

இந்த அடுப்பிலிருந்து வந்ததுதான் யாகினிக்கு. வடகொரிய ஆதரவாளர்கள் ‘சோசென் உணவு’ என்றும் தென்கொரிய ஆதரவாளர்கள் ‘கான்கொகு உணவு’ என்றும் பிரிந்து நின்றபோது இரண்டுமில்லாத பொதுப்பெயராக யாகினிக்கு நிலைத்தது என்றொரு விளக்கம் சொல்லப்படுகிறது. பெயரில் நாடு இல்லை, ஆள் இல்லை. பிறகு 1980இல் நகோயாவில் புகையை மேசைக்கடியிலேயே உறிஞ்சிவிடும் அடுப்பு வந்தது. சட்டையில் வாசனை ஒட்டாது என்று ஆனதும் அலுவலக ஆட்களும் குடும்பங்களும் உள்ளே வந்தார்கள். முதலில் நாடு போனது, அடுத்து புகை போனது. மூன்றாவதாகப் போனது பூண்டு. அதைத் துரத்தியதுதான் ஒயின்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சிவப்பு ஒயினில் டானின் என்றொரு துவர்ப்புச் சத்து உண்டு. எச்சிலின் புரதத்தோடு அது சேரும்போது வாய் இறுகும். கறியின் கொழுப்பும் புரதமும் அந்த இறுக்கத்தைத் தளர்த்தும். கறியும் ஒயினும் ஒத்துப்போகும் என்பதன் வேதியியல் இவ்வளவுதான். ஆனால் சோயா, சர்க்கரை, பூண்டு, எள்ளெண்ணெய் சேர்ந்த தாரே என்னும் சாந்து அந்த ஒயினோடு ஒத்துவராது. இனிப்பு ஒயினைக் கசப்பாக்கும், பூண்டு அதன் மணத்தை அமுக்கும். எனவே ஒயின் மேசைக்கு வர வேண்டுமானால் தாரே எழுந்து இடம்விட வேண்டும். நண்பர் அனுப்பிய கார்டில் உப்பு, எலுமிச்சை, வசாபி இருக்கின்றன. பூண்டு இல்லை. ஹொருமோன் ஒரு துண்டுகூட இல்லை. பீரும் மக்கொல்லியும் குடித்த இடத்தில் பிரெஞ்சுக் கோப்பை உட்கார்ந்திருக்கிறது. ருசி வர்க்கத்தின் அடையாளம் என்று பூர்தியு சொன்னது இங்கே போதவில்லை. இங்கே ருசி ஓர் இனத்தின் கையெழுத்தைத் தட்டிலிருந்து அழிக்கிற வேலையையும் செய்கிறது. அது ‘மென்மை’ என்ற பெயரில் நடப்பதால் யாருக்கும் வலிக்கிற மாதிரித் தெரிவதில்லை.

4

ஜப்பானிய உணவைப் பற்றிக் கோட்பாட்டுக்காரர்கள் பேச வந்தால் ரோலான் பார்த்தைத் தாண்டிப் போக முடியாது. 1957இல் வெளிவந்த ‘தொன்மவியல்’ நூலில் ஒயினையும் ஸ்டீக்கையும் ஒரே ரத்தத் தொன்மத்தின் இரண்டு முகங்களாக அவர் வாசித்தார். அதோடு நிற்கவில்லை. ஒயின் நல்ல பொருள்தான், ஆனால் அது அப்பாவிப் பொருளல்ல என்றார். அல்ஜீரியாவில் நிலத்தைப் பறிகொடுத்த முஸ்லிம்கள், அதே நிலத்தில் தங்களுக்குத் தேவையில்லாத திராட்சையை வளர்க்க வேண்டியிருந்ததை, ரொட்டிக்கே வழியில்லாமல் அவர்கள் நின்றதைக் காட்டினார். கோப்பைக்குள்ளிருந்து நிலத்தைப் பார்த்த கண் அது.

1970இல் ‘குறிகளின் பேரரசு’ வருகிறது. அதில் சுகியாகி பற்றிப் பேசுகிறார். அதுவும் மாட்டுக்கறிதான், கண்ணெதிரே வேகிறது. ஜப்பானில் பச்சை என்பது நிறம், பார்வைக்குரியது, மேலைநாட்டுக் கறியைப் போல ரத்தத்தின் ஆழம் அதற்கில்லை என்பதாக அவர் வாசிப்பு போகிறது. மையமற்ற உணவு, எங்கே தொடங்கினாலும் தொடக்கம். படிக்கப் படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டு புத்தகங்களுக்கும் நடுவில் ரத்தம் எங்கே போயிற்று? அந்த மாட்டை யாரோ அறுத்திருக்க வேண்டுமே. தான் எழுதுவது நிஜ ஜப்பான் அல்ல, ஜப்பான் என்று தான் பெயரிட்டுக்கொண்ட ஒரு கற்பித அமைப்பு என்று பார்த் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார், நேர்மையான ஆள்தான். இருந்தாலும் அந்தக் கற்பித அமைப்பில் தட்டும் குச்சியும் இருக்க, அறுப்புக்கூடம் மட்டும் ஏன் இல்லை என்று கேட்கிற உரிமை வாசகருக்கு உண்டு. அல்ஜீரியத் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்த கண்ணுக்கு அதை டோக்கியோவில் பார்க்க முடியவில்லை. மற்றமையை அழகாக்குவதும் அதை மறைப்பதில் ஒரு வகைதான். குறியியலை நாம் இங்கே இறக்குமதி செய்தபோது எந்தப் பார்த்தை இறக்குமதி செய்தோம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

டோக்கியோவில் ஷினகாவா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது ஷிபவுரா இறைச்சிச் சந்தை. நகரின் பெரிய அறுப்புக்கூடம் அதற்குள்தான். அங்கே வேலை பார்ப்பவர்களை இழிவுபடுத்தி வந்த கடிதங்களை அந்தச் சந்தையின் தகவல் கூடத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மேசையில் போர்தோ, சந்தைக்கு மொட்டைக் கடுதாசி. இதையும் குறியியல் வாசிக்கட்டும்.

5

மெனு கார்டுக்கு வருகிறேன். அதிலுள்ள ‘ஏ5’ என்பது தர எண். ஆங்கில எழுத்து, உடலிலிருந்து எவ்வளவு கறி தேறும் என்பதற்கு. இலக்கம் ஒன்று முதல் ஐந்து வரை, கறியின் தரத்துக்கு. கறிக்குள் ஓடும் கொழுப்புக் கோடுகளுக்குத் தனியாகப் பன்னிரண்டு படி அளவுகோல் உண்டு. 1991இல் மாட்டுக்கறி இறக்குமதி தாராளமாக்கப்பட்டபோது, மலிவான வெளிநாட்டுக் கறியோடு போட்டி போட உள்நாட்டு வாக்யுவுக்குக் கிடைத்த ஆயுதம் இந்தக் கொழுப்புதான். கோடு கூட வேண்டும் என்பதற்காகத் தீவனத்தில் வைட்டமின் ஏ குறைக்கப்படுகிறது. அளவு தப்பினால் மாட்டுக்குக் கண் போய்விடும். வாயில் கரைகிறது என்று கண்ணை மூடி ரசிப்பவர்களுக்காக ஒரு மாடு குருடாகலாம்.

அடுத்து அந்தப் பத்து இலக்க எண். 2001இல் பைத்தியமாட்டு நோய் கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து 2003இல் கொண்டுவந்த சட்டப்படி ஒவ்வொரு மாட்டுக்கும் இந்த எண் உண்டு. யாகினிக்குக் கடைகளும் அதைக் காட்டியாக வேண்டும். எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே எப்போது அறுக்கப்பட்டது என்று தேடிவிடலாம். இது போக வாக்யு கன்றுக்குப் பதிவுச் சான்று உண்டு: மூக்கு ரேகை, அப்பன் காளை, பாட்டன் காளை. வம்சம் சுத்தமாக இருந்தால் விலை ஏறும்.

இதே தேசத்தில் மனுஷனுக்கும் ஒரு வம்சப் பதிவேடு உண்டு. 1872இல் எடுத்த குடும்பப் பதிவேட்டில் பல இடங்களில் பழைய தீண்டாச் சாதியார் ‘புதிய குடிமக்கள்’ என்று பிரித்துக் குறிக்கப்பட்டார்கள். சட்டம் ஒழித்ததை எழுத்தர் திரும்ப எழுதிவைத்தார். கல்யாணத்துக்கும் வேலைக்கும் முன்னால் அதைத் துழாவிப் பார்க்கிற வழக்கம் நூறு வருஷம் நீடித்தது. 1968இல்தான் அது பொதுப்பார்வைக்கு மூடப்பட்டது. மூடினால் விடுவார்களா? 1975இல், புரக்குக் குடியிருப்புகளின் ஊர்ப் பெயர்களைத் தொகுத்த ரகசியப் புத்தகங்களைக் கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கியிருந்தது அம்பலமாயிற்று. வேலைக்கு வருகிறவன் எந்த ஊர் என்று பார்த்துக் கழிப்பதற்கு. 2016இல் புரக்குப் பாகுபாட்டை ஒழிக்கத் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படியானால் அதுவரைக்கும் அது ஒழியவில்லை என்றுதானே அர்த்தம்?

மாட்டின் வம்சாவளி மெனு கார்டில் அச்சாகிறது, அதை அறுத்தவரின் வம்சாவளி ரகசியப் புத்தகத்தில் அச்சாகிறது. ஒன்று விலையை ஏற்றுவதற்கு, மற்றொன்று ஆளை இறக்குவதற்கு. பிறப்பில் தரம் இருக்கிறது என்ற ஒரே தர்க்கம்தான் இரண்டையும் எழுதுகிறது. அந்தக் கார்டில் வளர்த்தவர் பெயர் இருக்கிறது, ஒயின் தோட்டத்தின் பெயரும் வருஷமும் இருக்கின்றன. அறுத்தவர் பெயருக்கு மட்டும் இடமில்லை.

6

இந்த மௌனத்தை உடைத்த பிரதிகளும் அங்கே உண்டு. ஹானபுசா ஆயா 2013இல் எடுத்த ஆவணப்படம் ஒசாகா பக்கம் கைசுகாவில் உள்ள ஒரு கசாப்புக் குடும்பத்தைப் பற்றியது. தாங்களே வளர்த்து, தெரு வழியாக நடத்திக் கூட்டிப்போய், அறுத்து, கூறுபோட்டு, கடையில் விற்கிறார்கள். உரித்த தோல் மேளமாகிறது. 2012இல் மூடப்பட்ட உள்ளூர் அறுப்புக்கூடத்தின் கடைசி நாட்களும் படத்தில் பதிவாகியிருக்கின்றன. அனுதாபம் தேடாமல் வேலையை வேலையாகக் காட்டுகிறது, அந்தக் கைகளின் திறமையைப் பார்க்க வைக்கிறது. பத்து இலக்க எண்ணால் சொல்ல முடியாததை அந்தக் கேமரா சொல்லிவிடுகிறது.

நமக்கும் இதற்கும் உள்ள தொடர்பு வெறும் உவமை அல்ல. பிறப்பு வழிப் பாகுபாடு என்ற வகைப்பாட்டின் கீழ் சாதியை ஐ.நா. அரங்கில் ஏற்க வைப்பதற்குத் தலித் அமைப்புகளும் புரக்கு விடுதலை இயக்கமும் சேர்ந்து உழைத்தார்கள். 2001 டர்பன் மாநாட்டில் சாதி பேசப்படக் கூடாதென்று இந்திய அரசு நின்றது. 2002இல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, வம்சாவளி என்ற சொல் சாதியையும் அதையொத்த அமைப்புகளையும் உள்ளடக்கும் என்றது. புரக்குப் பிரச்சினை அந்தச் சொல்லுக்குள் வராது என்று ஜப்பான் அரசு வாதாடியது. மாட்டைக் கும்பிடுகிற அரசும் மாட்டுக்கு ஏ5 முத்திரை குத்துகிற அரசும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேசின.

ஆகவே தோழர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உணவுமீதான தடையும் கைமீதான தீட்டும் சேர்ந்தே பிறந்திருக்கலாம், ஆனால் சேர்ந்தே சாக வேண்டுமென்று கட்டாயமில்லை. அதிகாரம் முதலாவதை விட்டுக்கொடுத்து இரண்டாவதைக் காப்பாற்றிக்கொள்ளும். கறியை எடுத்துக்கொள்ளும், பூண்டைத் துரத்தும், புகையை உறிஞ்சும், பக்கத்தில் ஒயினை வைக்கும். நாளைக்கு இங்கேயும் அப்படியொரு மேசை போடப்படலாம், தின்னும் உரிமைக்கான நம் கவிதைகளையே அதன் சுவரில் மாட்டிவைக்கவும் செய்யலாம். தின்னும் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு நம் அரசியல் நின்றுவிட்டால் அது வெறும் ருசி அரசியல்தான். அறுப்புக்கூடத்தில் வேலை செய்கிறவருக்கு என்ன கூலி, கையில் வெட்டுப்பட்டால் யார் பொறுப்பு, அவர் பிள்ளை பள்ளிக்கூடத்தில் அப்பா தொழிலைச் சொல்ல முடிகிறதா, அவர் வீட்டில் பெண் எடுப்பார்களா: இந்தக் கேள்விகளிலிருந்து தொடங்குகிற மாட்டுக்கறி அரசியலைத்தான் எந்த ஒயினாலும் கழுவிவிட முடியாது.