மூடினாலும் குற்றம், திறந்தாலும் குற்றமா?

2018 மார்ச்சில் ‘கிருகலட்சுமி’ என்னும் மலையாள மகளிர் இதழ், மார்போடணைத்துக் குழந்தைக்குப் பாலூட்டும் மங்கையை அட்டைப்படமாக்கிற்று. தாய் பாலூட்டட்டும், வெறித்துப் பாராதீர் என்பதே அதன் வேண்டுகோள். ஆபாசம் என்று அலறினர் பண்பாட்டுக் காவலர், வழக்கும் தொடுத்தனர். அப்படி ஏதும் காணவில்லை என்று கேரள உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிற்று.

அலறியோரைக் கேட்கிறோம்: தோளில் சீலை அணிந்ததற்காக நாடார் குலப் பெண்களைத் தாக்கி, அச்சீலையைக் கிழித்தெறிந்த திருவிதாங்கூர் எங்கே இருந்தது? மேலாடை உரிமையை அவர்கள் போராடிப் பெற்றது 1859இல். அன்று மானத்திற்காக மூடியது குற்றம். இன்று மழலையின் பசிக்காகத் திறப்பது குற்றம்! மூடுவதும் திறப்பதும் அவள் உரிமை என்பதை மட்டும் ஒப்பமாட்டீரோ?

இதழை வரவேற்கும் நாம், அதன் குறையையும் மறைப்பதற்கில்லை. அம்மங்கையின் வகிட்டில் குங்குமம் ஏன்? கழுத்தில் தாலி ஏன்? பிள்ளையின் பசிக்குத் தாலியா சான்று கூறவேண்டும்? கணவனை இழந்தவள் ஊட்டினால் பால் கசக்குமா? புதுமை பேச வந்த ஏடு, பழமையிடம் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டே வாசல் தாண்டியிருக்கிறது.

வரப்போரத்திலும் பேருந்திலும் பாலூட்டும் உழைக்கும் தாய் எவரிடமும் சீட்டுக் கேட்டவளல்லள். தோழர்களே! திருத்தவேண்டியது அவள் முந்தானையை அன்று, நம் கண்களை!