சாடிக்குள் வேர் இருந்ததா?

இஞ்சி, அதிமதுரம், நன்னாரி மாதிரி வாசனை வேர்களைப் போட்டு வீட்டிலேயே பீர் தயாரிப்பது மேல்நாட்டில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. தமிழ்நாட்டில் செய்தால் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் பாயும். ஆகவே செய்முறை கேட்டு எழுதாதீர்கள். வேண்டுமானால் பத்துப்பாட்டைப் புரட்டுங்கள். அதன்மேல் கேஸ் போட முடியாது.

பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, 500 அடி. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கிய பாணன், பட்டினியாக வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது உட்பட. மேடையில் பேசுகிறவர்கள் யாழை வர்ணிப்பார்கள், காஞ்சி நகரை வர்ணிப்பார்கள், நடுவில் வரும் வலைஞர் குடியிருப்பைச் சத்தம் போடாமல் தாண்டிவிடுவார்கள். நீங்கள் தாண்டாதீர்கள். 275-வது அடியிலிருந்து ஏழெட்டு அடிகள் போதும்.

குற்றாத அரிசியைக் கூழாகக் காய்ச்சுகிறார்கள். வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி ஆறவைக்கிறார்கள். 'அடை' என்ற ஒன்றைக் கலக்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு சாடியில் விடுகிறார்கள். பச்சை வாசனை போனதும் விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு, நடந்து களைத்தவனுக்குத் தருகிறார்கள். புலவர் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு எழுதவில்லை. கூழை ஆறவைக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. சூட்டோடு கலந்தால் நொதிக்கவேண்டிய சமாச்சாரம் செத்துப்போகும். வர்ணனைக்காக ஒரு வார்த்தைகூடச் சேர்க்காத பகுதி இது. எனக்கு நகர வர்ணனையைவிட இதுதான் உசத்தி.

சிக்கல் அந்த 'அடை'யில்தான். முளையை இடித்துக் கலந்தது என்று உரை சொல்கிறது. அப்படியானால் இது சாட்சாத் பீர். முளைகட்டிய தானியம்தான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். பார்லியில் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த அடை பாம்பு குடியிருக்கும் புற்றுக்குள் கிடைக்கும் குரும்பி மாதிரி இருந்ததாகப் புலவர் சொல்கிறாரே? குரும்பி என்பது புற்றாஞ்சோறு. பொறுபொறுவென்று, துளைதுளையாக இருக்கும். கறையான் அதில் பூஞ்சணம் வளர்த்துச் சாப்பிடுகிறது. இடித்த முளைக்கு இந்த உவமை அவ்வளவாகப் பொருந்துகிறதா?

ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பழங்குடி மக்கள் 'ஹண்டியா' என்ற அரிசி பீர் செய்கிறார்கள். சோற்றை ஆறவைத்து, 'ரானு' என்ற உருண்டையைப் பொடித்துக் கலந்து, பானையில் வைத்து விடுவார்கள். ரானு என்பது அரிசி மாவோடு காட்டு வேர்களையும் பட்டைகளையும் இடித்துப் பிடித்துக் காயவைத்தது. வாசனையும் அதுதான், நொதிக்கவைப்பதும் அதுதான். நம் புலவர் சொன்ன அடையும் இப்படி ஓர் உருண்டையோ வில்லையோ என்பது என் ஊகம். ஊகம்தான். பாட்டில் வேர் என்ற சொல்லே கிடையாது. பிழிந்ததை 'நறும்' என்று சொல்வதை வைத்துக்கொண்டு, "சங்கத் தமிழன் பீரில் வெட்டிவேர் போட்டான்" என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். நன்றாக நொதித்தால் தானாகவே மணக்கும்.

வேர் போட்டு நொதிக்கவைப்பது நம் ஊரில் வேறு பெயரில் கௌரவமாக நடக்கிறது. தசமூலாரிஷ்டம் என்றால் பத்து வேர். வெல்லம், தேன், காட்டாத்திப்பூ சேர்த்து மூடி வைத்தால் நொதிக்கும். சாரிபாத்யாசவத்தில் பிரதானம் நன்னாரி வேர். லேபிளைப் பாருங்கள், தானாக உண்டான ஆல்கஹால் என்று அச்சடித்திருக்கும். பொதுவாக 5 முதல் 10 சதவிகிதம் வரை. பீருக்குக் குறைவில்லை. பாட்டி மாத்திரை மாதிரி வேளாவேளைக்குக் குடிப்பாள். வலைஞர் வீட்டுச் சாடி என்றால் மட்டும் முகம் சுளிக்கிறோம். சரக்கு கிட்டத்தட்ட ஒன்று, செய்தவர்கள்தான் வேறு. மேடைப் பேச்சாளர் தாண்டிப்போனதற்கும் காரணம் இதுதான் என்று சந்தேகப்படுகிறேன்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் 1993-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் வந்தது. சம்ஸ்கிருதம் அங்கே முக்கியமான பாடம். ஆயுர்வேதக் கல்லூரியும் அதற்கு உண்டு, நசரேத்பேட்டையில். பாணனுக்குச் சொன்ன வழி முடிகிற ஊரின் வாசலிலேயே அரிஷ்டம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பத்துப்பாட்டு படித்த ஒருவர், நுண்ணுயிரியல் படித்த ஒருவர், இவர்களோடு ஒருநாள் உட்கார்ந்து அந்த அடையை மட்டும் பேசினால் போதும். உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பித்தது 1889-ல். ஒரு வார்த்தைக்கு இத்தனை வருஷம் காத்திருப்பது கொஞ்சம் அதிகம்.

அதுவரை காஞ்சிபுரம் இட்லி சாப்பிடுங்கள். மாவு புளித்திருக்கும், உள்ளே சுக்கு இருக்கும். அதற்குச் சட்டம் குறுக்கே வராது.