நம் கதைகளில் சுவர் பூசுபவன்

எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை வெளியிடுகின்றனர். இவ்வாண்டு அதற்கு வந்த கதைகளைப் படித்துத் தேரும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. அவற்றுள் ஒன்று வீடுகளுக்குப் பெயின்ற் பூசும் தொழிலாளி ஒருவனைப் பற்றியது. ஒட்டிய வயிறும் கிழிந்த சாரமுமாக அவன் வருகிறான், பணக்காரர் ஒருவரின் மாடிவீட்டுச் சுவரை அடியிலிருந்து மேல்நோக்கிப் பூசிக்கொண்டு போகிறான், ஏணி வழுக்குகிறது, விழுந்து மடிகிறான். வீட்டுக்காரர் அவனுடைய கூலியைக் கூடக் கொடுக்க மறுக்கிறார்.

எழுதிய மாணவனின் நெஞ்சு நல்ல நெஞ்சு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் 'அடியிலிருந்து மேல்நோக்கி' என்ற சொற்களைக் கடந்து என்னாற் செல்ல முடியவில்லை. சுவரை எவனும் அடியிலிருந்து பூசுவதில்லை. மேலே தொடங்கினால்தான் வழியும் துளிகளை, இறங்கிவரும் பிரஷ் அள்ளிக்கொள்ளும். கீழே முடித்துவிட்டு மேலே போனால், முடித்த வேலையின்மீதே அவை சொட்டுச் சொட்டாக விழும். ஒரு நாள் வாளி தூக்கியவனும் அறிந்த செய்தி இது.

இஃது அற்பப் பிழை என்று சிலர் கூறக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. கதையை எழுதியவன் தொழிலாளியின் வயிற்றைப் பார்த்திருக்கிறான், கையைப் பார்க்கவில்லை. இந்தப் பார்வையை அவன் தானாகக் கண்டுபிடிக்கவுமில்லை. முற்போக்கு இலக்கியம் என்ற பெயரில் நாம் எழுதியவற்றிலிருந்தும், வகுப்பறையில் நாம் புகழ்ந்தவற்றிலிருந்துமே கற்றுக்கொண்டான். ஆகவே வழக்கு அவன்மீதன்று, நம்மீதுதான்.

இவ்வழக்கிற் சாட்சி சொல்ல எனக்கும் ஒரு தகுதி உண்டு. 2012 ஜூலைத் தொடக்கத்தில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கவேண்டும் என்பது அவர்தம் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. ஏறத்தாழ நூறு நாள் நீடித்த அப்போராட்டம் ஒக்டோபரில் முடியும்வரை விரிவுரைகள் இல்லை. பேராதனையில் தமிழ் படித்துக்கொண்டிருந்த நான் கல்முனைக்குத் திரும்பினேன். கையிற் காசில்லை. எங்கள் ஒழுங்கையில் இருபது ஆண்டுகளாகப் பெயின்ற் வேலை செய்துவந்த காக்கா ஒருவர் என்னைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் வெளிச்சுவர் வேலைகளை முடித்தாக வேண்டும். அத்துடன் அவ்வாண்டு நோன்பும் ஜூலை இறுதியிலேயே வந்தது. பெருநாளுக்கு முன் வீட்டைப் புதுப்பிக்க விரும்பாதார் எங்கள் ஊர்களில் யார்? வேலைக்குக் குறைவிருக்கவில்லை.

முதற் கிழமை முழுவதும் நான் செய்தது சுரண்டல். வாசகர் சிரிக்கலாம். பேராதனையில் நாளொன்றுக்குப் பத்து முறை நாங்கள் உச்சரித்த சொல் அது. முதலாளித்துவச் சுரண்டல், ஏகாதிபத்தியச் சுரண்டல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அச்சொல்லுக்கு ஒரு தகட்டுப் பிடியும், நகக்கண்ணில் ஏறும் தூசியும், தோளில் இறங்கும் வலியும் உண்டு என்பதை உப்புப் பூத்த ஒரு சுவரின் முன் நின்றபோதுதான் அறிந்தேன். கடலுக்கு முகங்கொடுத்த சுவர்களை எங்கள் கரையில் உப்பு விடுவதில்லை. காற்று கொண்டுவரும் உப்பு ஒருபுறம். கழுவாத கடல்மணலைச் சாந்திற் கலந்துவிட்டால் சுவரின் உள்ளிருந்தே கசியும் உப்பு மறுபுறம். வெண்பூப்போற் படிந்திருக்கும் அதைச் சுரண்டி, உலரவிட்டு, மீண்டும் தேய்க்காமல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்றைப் பூசினாலும் அடுத்த மாரிக்குள் அது செதிள் செதிளாகக் கழன்றுவிடும். காக்கா உள்ளங்கையைச் சுவரில் வைத்து நடந்தபடியே ஈரம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார். ஐயம் வந்தால் விரலில் எடுத்து நாவில் வைத்துப் பார்ப்பார்; நோன்பு நாட்களில் விரலிடையே தேய்த்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார். "தம்பி, கண்ணால பார்க்காத, கையால பார்" என்பது அவர் எனக்குச் சொன்ன முதற் பாடம்.

நோன்பு வயிற்றோடு உட்கூரைக்கு வெள்ளை பூசியதை இங்கே விரிக்கப் போவதில்லை. கழுத்து அறிந்தது அதிகம். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். பழைய வீடுகளின் சன்னற் கதவுகளை உரத்தாளால் உலரத் தேய்ப்போம். பச்சையும் நீலமுமாகப் பல தலைமுறைப் பூச்சுகள் தூளாகி எழும். முகத்தில் ஒரு துணிகூட நாங்கள் கட்டியதில்லை. கட்டடங்களின் உட்புறப் பூச்சில் வெள்ளை ஈயத்தைத் தடுக்கவும், ஈயம் கலந்த பூச்சு வேலையிலிருந்து 18 வயதுக்குட்பட்ட இளைஞரையும் பெண்களையும் விலக்கவும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1921இலேயே ஓர் உடன்படிக்கை செய்தது. இலங்கையில் பெயின்றிலுள்ள ஈயத்துக்குச் சட்டபூர்வமான வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல். நான் தேய்த்த கதவுகள் அதற்கு முற்பட்டவை. இதை நான் அறிந்தது பிறகு, படிப்பின் மூலம். காக்காவின் இருமலுக்குக் காரணம் எது என்று தீர்ப்புக் கூற நான் வைத்தியனல்லன். ஆனால் அத்தூள் எந்தக் கதையிலும் பறந்ததை நான் கண்டதில்லை.

இனி, என் சொந்தக் குற்றத்துக்கு வருகிறேன். பெருநாள் கழிந்த பின் சீதன வீடு ஒன்றில் வேலை செய்தோம். எங்கள் பகுதியிற் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமற் கலியாணம் நடப்பது அரிது. அத்திவாரக்காரன் முதலில் வருவான். பிறகு மேசன், தச்சன், கூரை வேலைக்காரன், மின்சார வேலைக்காரன். பெயின்ற் பூசுபவன் கடைசியாக வருபவன். அவன் வரும்போது நாள் குறித்தாகியிருக்கும். பணமோ தீர்ந்து போயிருக்கும். இந்த வீட்டுக்காரர் கரைவலை இழுப்பவர். மூத்த மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் எழுந்த சுவர்கள் அவை. நூறு சதுர அடியை ஒரு ஸ்குயர் என்று கணக்கிட்டுக் கூலி பேசியிருந்தோம். முடிவில் பாதிதான் கிடைத்தது. மீதியை ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் தருவதாகச் சொன்னார். தரவில்லை. காக்கா இரண்டு முறை அவர் வாசலுக்குப் போனார். மூன்றாம் முறை போகவில்லை. "அந்தாள்ட நிலம எனக்குத் தெரியும்" என்றார். காக்காவுக்கும் இரண்டு பெண்மக்கள்.

பேராதனைக்குத் திரும்பியதும் இதை ஒரு கதையாக எழுதினேன். கதையில் அந்த மீனவர் ஒரு முதலாளியானார். அவருக்குத் தொந்தியும் தங்க மோதிரமும் கொடுத்தேன். கூலி கேட்டவனை அவர் நாயை ஏவி விரட்டினார். முஸ்லிம் வீட்டு முற்றத்தில் நாய் எப்படி வந்தது என்றுகூட நான் யோசிக்கவில்லை! மாணவர் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்த அக்கதை வர்க்க உணர்வு மிக்கது என்று பாராட்டப்பட்டது. உண்மையில் அது வர்க்க உணர்வற்ற கதை. ஓர் உழைப்பாளியின் கூலியை மற்றோர் உழைப்பாளி விழுங்க நேர்கிறதென்றால், சீதனம் என்ற வழக்கத்தையும், தந்தையின் கரைவலைப் பங்கையும், மகனின் வெளிநாட்டுக் கூலியையும், வீடு எழும்பும் வரிசையையும் ஒருங்கே வைத்தல்லவா அதை நோக்கியிருக்கவேண்டும்? தொழிலின் ஒழுங்கை அறிந்தவனுக்கே சமூகத்தின் ஒழுங்கு புலப்படும். நான் கையிலிருந்த உண்மையை விட்டுவிட்டுச் சூத்திரத்தை எழுதினேன்.

இதை எனக்கு உணர்த்தியது ஓர் ஆங்கில நாவல். றொபேட் ட்ரெஸலின் அந்நூலின் பெயரைத் தமிழிற் 'கிழிந்த காற்சட்டைக் கொடையாளர்கள்' எனலாம். ஆசிரியரின் இயற்பெயர் றொபேட் நூனன், டப்ளினிற் பிறந்தவர், தென்னாபிரிக்காவில் வாழ்ந்தபின் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கடற்கரை நகரில் வீடுகளுக்குப் பெயின்ற் பூசியும் பெயர்ப்பலகை எழுதியும் பிழைத்தவர். பூச்சுக்காரர் ஏறி நிற்கும் பலகைக் குதிரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரையே புனைபெயராக்கிக் கொண்டார். பதிப்பாளர்கள் திருப்பியனுப்பிய அக்கையெழுத்துப் பிரதியை நெருப்பிலிடப் போன அவரிடமிருந்து காப்பாற்றியவர் மகள். 1911இல் லிவர்பூலிற் காசநோயால் இறந்து ஏழைகளின் குழியில் அடக்கப்பட்டார். 1914இல் நூல் வெளிவந்தபோது பெருமளவு வெட்டப்பட்டிருந்தது. நம்பிக்கையில் முடிந்த கதை விரக்தியில் முடிக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் எழுதியபடி முழுமையாக அது அச்சேறியது 1955இல்.

அந்நாவலின் தொழிலாளர் வேலை செய்கின்றனர். அதுவே அதன் முதற் சிறப்பு. மூன்று பூச்சுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஒன்றோடு முடிக்கச் சொல்லும் முதலாளி, சந்தடியின்றிப் பின்னால் வந்து நிற்கும் மேற்பார்வையாளன், விரைவுக்காக வேலையைக் கெடுக்கும்படி கட்டாயப்படுத்தப்படும் நல்ல கைகள் என்பவற்றின் வழியாகவே இலாபம் என்பது என்னவென்று வாசகன் அறிகிறான். ரொட்டித் துண்டுகளையும் மூன்று சில்லறைக் காசுகளையும் வைத்துக்கொண்டு ஓவன் என்ற பாத்திரம் பணத்தின் தந்திரத்தை விளக்கும் உணவு இடைவேளைக் காட்சி புகழ்பெற்றது. எனக்கு அதனினும் பெரிதாகப்பட்டது வேறொரு பகுதி. செல்வர் ஒருவரின் வரவேற்பறையை மூரிஷ் பாணியில் அலங்கரிக்கும் வேலை ஓவனுக்குக் கிடைக்கிறது. கூலியில்லாத இரவுகளிலும் வீட்டிலிருந்து கோடு வரைகிறான். நூலிலேயே அவன் மகிழ்ச்சியாயிருக்கும் நாட்கள் அவை. தன்னைச் சுரண்டுபவனின் சுவரிலேயே தன் ஆன்மா மலர்கிறது என்ற முரணை ட்ரெஸல் மறைக்கவில்லை. இந்நாட்டுக் குடிசன மதிப்பு எங்களைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் 'மூர்' என்பதே. பெருநாள் முன்னிரவுகளில் ஒரு பள்ளிவாசலின் வளைவுக்குப் பச்சை விளிம்பு கட்டி முடித்துவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பார்த்த காக்காவின் முகத்தை நான் அங்கே கண்டேன்.

குறைகள் இல்லாத நூலன்று அது. ஓவனின் சொற்பொழிவுகள் சில இடங்களில் அளவு கடந்து நீள்கின்றன. உடன் வேலை செய்வோரை ஆசிரியர் சற்றே அதிகமாக மூடர்களாக்கிவிட்டார். ஏமாளியூர் என்ற பொருள்பட நகருக்கு இட்ட பெயரும், செல்வருக்கு இட்ட கேலிப் பெயர்களும் மலிவான நகை. எனினும் சுவர்கள் பொய்யில்லை. ஆகவே நூல் நிற்கிறது.

நம்மிடம் இத்தகைய எழுத்து இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. நூல் நெருக்கடியில் நெசவாளர் அடைந்த பட்டினியின் அரசியற் காரணத்தை 1953லேயே 'பஞ்சும் பசியும்' நாவலில் ரகுநாதன் தேடினார். சிகை அலங்கரிப்பு நிலையத்திலிருந்துகொண்டே 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா தம் தொழிலை மறைத்து எழுத்தாளரானவரல்லர். திண்டுக்கல் தோற்பதனிடும் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி நிற்கும் மனிதனை நம் கண்முன் நிறுத்துகிறது. வாழ்வின் பெரும்பகுதியை அத்தொழிலாளருடன் பழகிக் கழித்த வழக்கறிஞரால் எழுதப்பட்டது அது. கல்முனைக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள பெரியநீலாவணையில் வாழ்ந்து 1975இல் மறைந்த ஆசிரியர் நீலாவணனின் 'வேளாண்மை' 1982இல் நூலாகியது. எங்கள் வயல்வெளியின் சொற்களெல்லாம் அக்காவியத்தில் தம் வேலையோடு வருகின்றன. வயலுக்குக் கிடைத்தது சுவருக்கும் ஏணிக்கும் கிடைக்கவில்லை என்பதே என் குறை. விவசாயியைப் பாடுவதற்கு நமக்கு நெடிய மரபு இருக்கிறது. நாட்கூலிக்குக் கட்டட வேலை செய்பவன் மரபில்லாதவன். அவனை எழுத வேண்டுமானால் போய்ப் பார்த்துத்தான் எழுதவேண்டும்.

பார்க்க வேண்டியவை நம் வாசலிலேயே கிடக்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை யாருக்கு, எந்த இன விகிதத்திற் பகிர்வது என்ற பிணக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. பூசி முடித்த வீடுகள் மனிதர் வாடையின்றி ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்தன. மேடைகளில் இது நிறையப் பேசப்பட்டது. எவரும் குடிபுகாத சுவர்களுக்குக் கடைசிப் பூச்சுப் பூசி வாளியைக் கழுவிய ஒருவனின் கண்கொண்டு எழுதப்படும் கதையை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் வீடும் ஒருவேளை அலையிற் போனதாயிருக்கலாம்.

மாணவனை அழைத்துப் பேசினேன். கதையில் வீட்டுக்காரரைக் கொடியவராக்கியது ஏன் என்று கேட்டேன். "அப்பிடித்தானே சேர் எழுதுவாங்க" என்றான். உங்கள் வீட்டுக்குக் கடைசியாகப் பெயின்ற் அடித்தவர் யார் என்றேன். பெயர் சொன்னான். ராத்தாவின் கலியாணத்துக்காம். சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அவருக்கு வாப்பா இன்னும் முழுக்காசும் குடுக்கல்ல, சேர்" என்றான்.

கதையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். சஞ்சிகைக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.