பிறேமில் மாட்டிய பம்

சீனன்குடாவிலிருந்து வெள்ளைமணல் பக்கமாகக் கிண்ணியாவுக்குச் சைக்கிளில் போகிறவருக்கு நல்ல வழித்துணை, பிறேமில் மாட்டிய நீளப் பம். 2009இல் திறந்த, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தின் நடுவில் ரயர் காற்றுப் போனால் ஒதுங்க நிழல்கூட இல்லை.

பையில் அடங்கும் குட்டிப் பம்மும் காற்றடிக்கும்தான்; ஆனால் 28 அங்குல ரயர் இறுகுவதற்குள் கை சோர்ந்துவிடும். நீளப் பம்மில் ஒரு தள்ளுக்கே நிறையக் காற்று ஏறும். வாங்கும்போது முனையைப் பாருங்கள். இறப்பர்க் குழாய் வைத்ததே நல்லது. கை ஆடினாலும் வால்வு பழுதாகாது. உள்ளே தோல் வாஷர் என்றால் எனக்கு இன்னும் பிடிக்கும். காய்ந்துபோனால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, விளிம்பைக் கொஞ்சம் விரித்துவிட்டால் போதும், மறுபடி காற்றைப் பிடிக்கும்.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது. அலுமினியப் பம்மாகவே வாங்குங்கள்.