பழைய ரைஃபிளின் பரீட்சை

2020-ஆம் ஆண்டுக் குடியரசு தின அணிவகுப்போடு உத்தரப் பிரதேசக் காவல்துறை தன்னுடைய த்ரீ-நாட்-த்ரீ ரைஃபிள்களுக்கு விடை கொடுத்தபோது, காலாவதியான ஆயுதம் ஒழிந்தது என்று சொன்னவர்கள் சொன்னது சரியே. போர்க்கருவி என்ற வகையில் அதன் காலம் முடிந்து வெகுநாளாயிற்று. ஆனால் குறிபார்த்துச் சுடும் வித்தையைப் பழக்குகின்ற சாதனம் என்ற வகையில் அதற்கு நிகரானது இன்னும் வரவில்லை என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

1907-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டு, பின்னர் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையிலும் நெடுங்காலம் செய்யப்பட்ட அந்த லீ-என்ஃபீல்டு ரைஃபிள் ஏறக்குறைய நாலு கிலோ எடையுள்ளது. பத்துத் தோட்டாக்கள் கொள்வது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளினாலன்றி அடுத்த தோட்டா ஏறாது. பதினொரு கிராம் எடையுள்ள குண்டை விநாடிக்கு எழுநூற்று நாற்பது மீட்டர் வேகத்தில் அனுப்பிவிட்டு, அதன் எதிர்வினையைத் தோளிலே ஓர் உதையாக இறக்கும்.

இதில் தூரத்தை அருகே காட்டும் கண்ணாடி கிடையாது. பின்புறம் ஒரு பிளவு, குழலின் நுனியில் ஒரு தகடு. இரண்டுக்கும் இடையே சுமார் அரை மீட்டர். நுனித்தகடு பிளவின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், நூறு மீட்டர் தூரத்தில் குண்டு இருபது சென்டிமீட்டர் விலகும். முந்நூறு மீட்டரில் அது அறுபது சென்டிமீட்டராகிவிடும். மனிதக் கண்ணோ பிளவு, தகடு, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகக் காண இயலாதது. பயிலாதவன் இலக்கையே உற்றுப் பார்ப்பான்; பயின்றவனோ இலக்கு மங்கலாகத் தெரிந்தாலும் தெரியட்டும் என்று விட்டுவிட்டு, நுனித்தகட்டின் மேல்விளிம்பிலே திருஷ்டியை நிறுத்தி, சுவாசத்தைப் பாதி விட்டு நிறுத்தி, விசையின் முதல் தளர்ச்சியைக் கடந்து இரண்டாம் அழுத்தத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுவான். வெடி எப்போது கிளம்பும் என்று அவனுக்கே முன்கூட்டித் தெரியாத அளவுக்கு அந்த அழுத்தம் சீராக இருக்க வேண்டும்.

உதைக்கு அஞ்சி, வெடிக்கும் கணத்துக்கு முன்பே தோளையும் விரலையும் வெட்டி இழுப்பதுதான் இந்த வித்தையின் பெரிய சத்துரு. அதைக் கண்டுபிடிக்க அநுபவமுள்ள பயிற்சியாளர்கள் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே, சுடுகிறவன் அறியாமல், ஒரு டம்மித் தோட்டாவை வைத்துவிடுவார்கள். வெடி எழாத அந்த ஒரு நொடியில் குழல் சடக்கென்று தாழ்ந்தால் குற்றம் அம்பலமாகிறது. எத்தனை உபதேசம் செய்தாலும் ஏறாத பாடத்தை இந்த ஒரு சோதனை ஏற்றிவிடும்.

என்.சி.சி. மாணவர்கள் பாயிண்ட் டூ-டூ ரைஃபிளில் முதலில் பயில்வது க்ரூப்பிங். குண்டுகள் நடுப்புள்ளியில் பட்டனவா என்பதை விட, ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாகப் பட்டன என்பதையே முதலில் அளக்கிறார்கள். இது மிகவும் நியாயமான முறை. எல்லாம் ஒரே பக்கமாக நெருங்கி விழுந்தால் குறை கருவியினுடையது, அதைத் தகட்டை நகர்த்தித் திருத்திவிடலாம். சிதறி விழுந்தால் குறை சுடுகிறவனுடையது, அதைத் திருத்த அப்பியாசம் ஒன்றே வழி.

1909-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ராணுவ விதிகள் முந்நூறு கஜ தூரத்தில் ஒரு நிமிஷத்தில் பதினைந்து குண்டுகளைக் குறிபார்த்துச் சுடச் சொல்லின. நடுவே இரண்டு முறை ஐந்தைந்தாகத் தோட்டா நிரப்பவும் வேண்டும். ஆக, ஒரு குண்டுக்கு நாலு விநாடி. சேர்ந்த மதிப்பெண்களைக் கொண்டு மார்க்ஸ்மேன், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பிரித்தார்கள். வேகத்தைக் காட்டிலும் நான் போற்றுவது, அந்தப் பரீட்சை ஆண்டுதோறும் புதிதாக நடந்தது என்பதையே. எங்கள் உத்தரமேரூர்க் கல்வெட்டும் ஊர்ச்சபையின் வாரியப் பெருமக்களுக்கு யோக்கியதைகளை வரையறுத்ததோடு நில்லாமல், பதவியை முந்நூற்றறுபது நாளோடு முடித்துவைத்தது. சென்ற ஆண்டின் தேர்ச்சி இந்த ஆண்டின் கைந்நடுக்கத்தை மறைக்கலாகாது.

முந்நூறு மீட்டர் ரைஃபிள் போட்டி 1972 மியூனிக்கோடு ஒலிம்பிக்கிலிருந்து நீங்கிவிட்டது. நம் நாட்டிலோ த்ரீ-நாட்-த்ரீ தடைசெய்யப்பட்ட ரகம். சாமானியர் வைத்திருக்க முடியாது. ஆகவே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இந்தத் திருமுக்கூடலில், காவலர் தேர்வுக்காக ஓட்டமும் கயிறு ஏறுதலும் பயில்கின்ற பிள்ளைகளுக்கு, வேலை கிடைத்துப் பயிற்சிப் பள்ளிக்குப் போகும்வரை, என்.சி.சி. வாய்த்தாலன்றி, ரைஃபிளைத் தொடும் சந்தர்ப்பமே இல்லை. கடலூரில் பிறந்த காற்றுத் துப்பாக்கி வீராங்கனை இளவேனில் வாலறிவன் குஜராத்தில் பயின்றே உலகப் போட்டிகளில் தங்கம் வென்றார் என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் ஓப்பன் சைட் என்னும் திறந்த குறிக்காட்டிப் பிரிவு நம் நாட்டுப் போட்டிகளில் உண்டு. அதற்கு வேண்டியது ஒரு நீண்ட அறையும், நாலைந்து துப்பாக்கிகளும், பொறுமையுள்ள ஒரு பயிற்சியாளரும்தாம். நம் காவல்துறை தன் பழைய ரைஃபிள்களில் சிலவற்றைச் சுடுதளங்களிலே பயிற்சிக்கென்று காத்துவைக்கட்டும். விளையாட்டுத் துறை உத்தரமேரூர் வட்டத்து அரசுப் பள்ளி ஒன்றிலாவது அப்படியோர் அறையை இந்தக் கல்வியாண்டிலேயே திறக்கட்டும்.