கல்லூரி வாயிலில் ஹெலன் கெல்லர்

ஹெலன் கெல்லர் எழுதிய 'என் வாழ்க்கைக் கதை' 1903ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. பத்தொன்பது திங்கள் குழவியாய் இருந்தபோது நோயுற்றுக் கண்ணொளியையும் செவிப்புலனையும் இழந்த அவர், அமெரிக்காவின் ராட்கிளிஃப் கல்லூரியில் பயிலுங்காலத்திலேயே இதனை எழுதினார். விடாமுயற்சிக்குச் சான்றாக இந்நூலைக் காட்டுவோர் பலர். அவர்கள் தண்ணீர்க் குழாயடியில் ஹெலன் முதற்சொல்லின் பொருளை உணர்ந்த நிகழ்ச்சியோடு நின்றுவிடுகின்றனர். ஆசிரியர்கள் ஊன்றிப் படிக்கவேண்டியதோ, கல்லூரி நுழைவுத் தேர்வுகளைப் பற்றிய பகுதியாகும்.

முதற்கட்டத் தேர்வு 1897இல் நடைபெற்றது. ஹெலன் பயின்ற கேம்பிரிட்ஜ் பள்ளியின் தலைவர் கில்மன், தாமே விரலெழுத்தைக் கற்றுக்கொண்டு, வினாக்களை அவர் கையில் எழுத்தெழுத்தாக உணர்த்தினார். தட்டச்சுப் பொறியின் ஓசை பிறர்க்கு இடையூறாகாவண்ணம் தனியறையும் அளிக்கப்பட்டது. ஹெலன் எல்லாப் பாடங்களிலும் தேறினார். ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய இரண்டிலும் சிறப்புத் தகுதி பெற்றார்.

இறுதித் தேர்வு 1899இல் நடந்தது. இம்முறை ஆசிரியை ஆன் சல்லிவன் வினாத்தாளைப் படித்துக்காட்டக் கல்லூரியார் இசையவில்லை. ஹெலனுக்கு முன்பின் பழக்கமில்லாத ஒருவர் வினாக்களை அமெரிக்கப் பிரெயிலில் பெயர்த்துக் கொடுத்தார். மொழிப்பாடங்களில் தொல்லை எழவில்லை. இயற்கணிதத்திலோ, ஹெலன் பயின்றிருந்தவை ஆங்கிலப் பிரெயில் குறியீடுகள். வினாத்தாளில் வரவிருந்தவை வேறு. இதனை அவர் அறிந்தது தேர்வுக்கு இரண்டு நாள் முன்னரே! கணக்கு அறிந்த மாணவி, கணக்கை விட்டுக் குறிகளோடு போராட நேர்ந்தது.

மாணவி ஒருவரே, மாறியது ஏற்பாடு மட்டுமே. ஆசிரியையே விடை சொல்லிவிடக்கூடும் என்று கல்லூரியார் ஐயுற்றிருந்தால், அதனைக் குறைகூற இயலாது. ஆயினும், விரலெழுத்து அறிந்த வேறொருவரை அமர்த்தியிருந்தால் நேர்மையும் நிலைத்திருக்கும், மாணவியும் இடர்ப்பட்டிருக்கமாட்டார். எல்லார்க்கும் ஒரே முறை என்பது எப்போதும் நடுவுநிலைமை ஆகிவிடாது.

இவ்விடத்தில் நூலின் குறை ஒன்றைச் சுட்டவேண்டும். கல்லூரியார் அறியாமற் செய்தனர் என்று கூறி, தடைகளை வென்றோம் என்னும் மனநிறைவோடு ஹெலன் அமைந்துவிடுகிறார். அது அவர்தம் பெருந்தன்மை. ஆனால் படிப்போர் அவர் திறத்தை வியந்து, தடையை மறந்துவிடுகின்றனர். வென்றவர் மன்னித்துவிட்டால், வெல்ல இயலாதவர்க்காக வழக்குரைப்பார் யார்?

கல்லூரியில் சேர்ந்த பின்னரும் விரிவுரைகளை அவர் கையில் உணர்த்தியவர் ஆன் சல்லிவனே. புடைப்பெழுத்தில் இல்லாத பாடநூல்களைப் படித்துக்காட்டியவரும், கண்பார்வை நலிந்திருந்த அவ்வம்மையாரே. 1904இல் ஹெலன் சிறப்புடன் பட்டம் பெற்றார். அத்தகைய துணை வாய்க்காத மாணவர் என்செய்வர்? அரசின் நிதி பெறும் நிறுவனங்கள் உடற்குறை காரணமாக எவரையும் ஒதுக்கலாகாது என்று அமெரிக்காவில் நாடு தழுவிய சட்டம் பிறந்தது 1973இல்தான். மாணவரின் மனவுறுதியை மட்டும் நம்பியிருந்த ஒன்று, அன்றுதான் கல்லூரியின் கடமையாயிற்று.

இந்நூலை வகுப்பில் எடுத்துரைக்கும் ஆசிரியர், "ஹெலன் எத்துணை உழைத்தார்?" என்று மட்டும் வினவினாற் போதாது. "அவ்வினாத்தாள் எந்தக் குறியீட்டில் அமைந்திருக்க வேண்டும்?" என்றும் வினவுதல் வேண்டும். முதல் வினா மாணவர்க்கு ஊக்கம் தரும். இரண்டாவது ஆசிரியர்க்குப் பொறுப்பை உணர்த்தும்.