படம் என்றொரு சொல்

நூலைக் கையிலெடுத்துப் பார்க்க வாய்ப்பில்லாத வாசகனுக்கு நூலகப் பட்டியலே கண். கல்முனையிலோ மருதமுனையிலோ இருந்துகொண்டு, கொழும்பிலோ இலண்டனிலோ உள்ள நூலொன்றைத் தேடுபவன், பக்கமும் அளவும் கூறும் வரியிலே 'படங்கள்' என்ற சொல்லைக் காண்கிறான். எதன் படம்? யார் வரைந்தது? வரி மௌனம் சாதிக்கிறது. இம்மௌனத்தை எழுத்தர் வேலையின் சிறு குறை என்று ஒதுக்கிவிட முடியாது. பார்க்கத்தக்கது எது என்ற தீர்ப்பும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

7.5 சென்ரிமீற்றர் உயரமும் 12.5 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட அட்டைக்குள் யாவும் அடங்க வேண்டியிருந்த காலம் ஒன்றுண்டு. ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகள் 1967இல் வந்தபோது, விளக்கப்படங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஐந்தெழுத்தாகக் குறுகியிருந்தது; 1978ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிலே மூன்றெழுத்தாயிற்று. 2010இல் வெளிவந்த ஆர்.டி.ஏ. என்னும் விதிமுறை, சொல்லை முழுமையாக எழுதும்படி கூறியது. வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் சொல் நீண்ட அளவுக்குப் பார்வை அகலவில்லை.

படங்களை வகை பிரித்துக் கூறவும் விதி இடந்தருகிறது. தேசப்படம், உருவப்படம், வமிசாவளி என்று நீளும் அவ்வரிசையிலே பிரபுக்களின் குலச்சின்னத்துக்குத் தனிப்பெயர் உண்டு. பொன்னும் வண்ணமும் தீட்டிய சுவடி அலங்காரத்துக்கும் உண்டு. அதே விதிதான், அலங்கரித்த தலைப்புப் பக்கத்தையும் சிறு சித்திரங்களையும் பொருட்படுத்த வேண்டாம் என்று பணிக்கிறது.

இங்கேதான் நம்மவர் நூல்களுக்கு அநீதி நேர்கிறது. உயிருருவம் தீட்டுவதைத் தவிர்த்து வந்த மரபிலே, கலைஞனின் கை எழுத்தின் வளைவிலும் பக்கத்தைச் சுற்றிய பூங்கொடியிலும் தன் திறனைக் காட்டிற்று. கல்லச்சிலே பதித்த பழைய அரபுத் தமிழ் நூல்களைப் புரட்டியவர்கள் இதனை அறிவர். எளிய மக்களின் கைக்கு எட்டிய அந்நூல்களில் சித்திரம் என்று ஏதேனும் இருந்தால், அது பெரும்பாலும் தலைப்புப் பக்கத்திலேயே இருக்கும். விதி வழுவாத பட்டியலிலோ அது படமற்ற நூல்!

ஊர்ச் சங்கங்களும் பாடசாலைகளும் வெளியிட்ட நினைவு மலர்களின் கதி வேறு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்து மனிதரையும் வீடுகளையும் வாரிச் சென்றது; பெட்டியிலும் சுவரிலும் இருந்த புகைப்படங்களும் அவற்றோடு போயின. அழிந்த தெருவொன்றின் தோற்றம் ஏதோ ஒரு மலரின் உட்பக்கத்தில் எஞ்சியிருக்கலாம். 'படங்கள்' என்ற ஒற்றைச் சொல் அதனைத் தேடுபவனுக்கு என்ன வழி காட்டும்?

ஆளில்லை, நேரமில்லை என்று நூலகர் கூறுவது நியாயமே. ஆகவே எல்லா நூல்களுக்கும் கேட்கவில்லை. இம்மண்ணின் நூல்களுக்கு மட்டும் கேட்கிறோம். இதற்கு விதியை மீறவும் வேண்டியதில்லை. குறிப்புப் பகுதி திறந்தே கிடக்கிறது. 'மருதமுனைக் கைத்தறி நெசவாளர், கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் 4'. 'கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம், புகைப்படம் 1'. 'தலைப்புப் பக்கத்தில் பூங்கொடிக் கரை, அரபெழுத்துச் சித்திரம்' என்று எழுதலாம். வரைந்தவர் பெயர் தெரிந்தால் அதனையும் சேர்க்கலாம்.

அட்டை போய்க் கணினி வந்துவிட்டது. இடமில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. பிரபுவின் சின்னத்துக்குப் பெயர் வைத்த பட்டியல், நெசவாளியின் தறிக்கும் ஒரு வரி தரட்டும்.